தலையெழுத்து: பேஸ் கிடார்களின் பெயரும் விலையும்

1

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவையொட்டி நடந்த ஒரு கச்சேரியில் என் அத்தை மகன் பேஸ் கிடார் வாசித்தான். மேடைக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிடாரின் தலைப்பகுதியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. ஏதோ உடைந்து ஒட்டுப்போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். இறங்கி வந்ததும் கேட்டபோது, "பேரு தெரியக்கூடாதுன்னாங்க மச்சான்" என்றான்.

குழு நடத்துகிறவர் சொல்லியிருக்கிறார். வீடியோ எடுக்கிறார்கள், நாளைக்கு யூடியூபில் ஏறும், இந்தப் பெயரைப் பார்த்தால் குழுவைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஒன்று நல்ல கிடார் வாங்கு, இல்லையென்றால் மறைத்துக்கொண்டு வா. அத்தை மகன் மறைத்துக்கொண்டு வந்திருந்தான். அதோடு, வட்டிக்குப் பணம் வாங்கி ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிற அமெரிக்கக் கிடார் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டும் இருந்தான். அவன் கையில் இருந்தது பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கிடார். ஒரு கச்சேரிக்குக் கிடைப்பது ஆயிரத்து ஐந்நூறு, நல்ல சீசனில் இரண்டாயிரம். சீசன் என்பது மாசியிலிருந்து வைகாசி வரை, அப்புறம் ஆடி, அப்புறம் தேவாலயத் திருவிழாக்கள். மற்ற நாட்களில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடுக்குப் போகிறான்.

இலக்கியமும் அரசியலும் பேசுகிற இந்த இதழில் கிடார் பற்றி எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். 'பிரதி', 'மூலம்', 'அசல்', 'நகல்' என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்தச் சொற்கள் ஒருவனுடைய கடன் கணக்காக மாறி வாசலில் வந்து நிற்கும்போது அவற்றால் என்ன பயன் என்று பார்க்க விரும்பினேன். அவ்வளவுதான்.

2

முதலில் இந்தக் கருவி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேஸ் கிடாருக்குப் பொதுவாக நான்கு கம்பிகள். மிகத் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அதை நாம் காதால் கேட்பதைவிட வயிற்றிலும் நெஞ்சிலும் உணர்வதே அதிகம். பாட்டைக் கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு பேஸ் என்று ஒன்று இருப்பது தெரியாது. நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரியும். வீட்டில் அம்மாவின் உழைப்பு மாதிரி.

1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரசிஷன் பேஸ்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவர் ரேடியோ பழுதுபார்க்கிறவர், கிடார் வாசிக்கத் தெரியாது. அதற்குமுன் ஆளுயர மரப் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்த கலைஞர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் ஒன்று கிடைத்தது. கழுத்தில் ஃபிரெட் என்னும் உலோகக் கட்டைகள் வைத்ததால் சுரம் பிசகாமல் விரல் வைக்க முடிந்தது. 'துல்லியம்' என்ற பெயர் அதனால்தான். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்கள், பன்னிரண்டாயிரமோ இரண்டு லட்சமோ, அந்த 34 அங்குலத்தைத்தான் பின்பற்றுகின்றன.

இந்தக் கருவியின் புகழை உண்டாக்கியவர்கள் யார்? டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனிப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பினக் கலைஞர் வலது கையின் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் வாசித்தார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். அறுபதுகளின் எத்தனையோ வெற்றிப் பாடல்களில் அவர் இருக்கிறார், இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் தொகுப்பு ஒன்றில்தான் பெயர் அச்சாயிற்று. அதாவது கிடாரின் தலையில் கம்பெனியின் பெயர் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அந்தப் பெயருக்கு மதிப்பைச் சம்பாதித்துக் கொடுத்த விரலுக்குப் பெயர் கிடைக்க இத்தனை வருஷம் ஆயிற்று.

நம் பக்கத்துக்கு வருவோம். திண்டுக்கல் 1985இல் தனி மாவட்டமாகும்வரை அதுவும் பண்ணைப்புரமும் ஒரே மதுரை மாவட்டம். பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா 1976க்குப் பிறகு செய்த பல காரியங்களில் ஒன்று, பேஸ் கிடாரைத் தாளத்துக்குத் துணைபோகும் வேலையிலிருந்து விடுவித்து அதற்கென்று ஒரு தனிப் பாதை போட்டுக் கொடுத்தது. பாடகரின் மெட்டு ஒரு பக்கம் போக, அடியில் இன்னொரு மெட்டு நடந்துகொண்டிருக்கும். அவற்றை வாசித்த சசிதரன் போன்ற கலைஞர்களின் பெயர், கேசட் வாங்கிக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. என் அத்தை மகன் பேஸ் கற்றுக்கொண்டது அந்தப் பாடல்களிலிருந்துதான். வாத்தியார் கிடையாது. மொபைலில் பாட்டைப் போட்டு, ஹெட்போனை ஒரு காதில் மாட்டி, மறு காதில் கிடாரைக் கேட்டு.

அவன் அப்பா, எனக்கு மாமா, ஒரு காலத்தில் தப்பு அடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் கூப்பிடாமலே போய் நிற்க வேண்டும் என்றிருந்த காலம். பிற்பாடு அவரும் வேறு சிலரும் இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள், அதற்குரிய தொல்லைகளையும் அனுபவித்தார்கள். தோளில் வார் மாட்டித் தப்பைத் தொங்கவிட்ட அதே தோளின் அடுத்த தலைமுறையில் பேஸ் கிடார் தொங்குகிறது. ஆகவே இந்தக் கறுப்பு டேப் எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. மறைத்துக்கொண்டு வா என்பது எங்களுக்குப் புதிதாகக் கேட்ட வார்த்தை இல்லை.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிடார்களையும் அத்தை வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம். ஒன்று அவனுடையது. இன்னொன்று, மதுரையில் சர்ச் இசைக்குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கிவந்த அமெரிக்க ஃபெண்டர் பிரசிஷன். நான் தமிழ் எம்.ஏ., ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாது. அவன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

வீணையிலும் பழைய யாழிலும் மரமே குரல். நரம்பின் அதிர்வைப் பத்தர் வாங்கிப் பெருக்கித் தரும். மின்கிடார் அப்படியில்லை. கம்பிக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் குலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. இந்தச் சுருளுக்குத்தான் பிக்கப் என்று பெயர். மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பங்கு கம்பிக்கும் விரலுக்கும் பிக்கப்புக்கும். 1957இல் ஃபெண்டர் கம்பெனி பிரசிஷனின் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி எதிரெதிராகச் சுற்றியது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அந்த வடிவத்தை இன்றைக்கு மலிவுக் கிடார்களும் அப்படியே வைத்திருக்கின்றன. அவனுடையதிலும் அதுதான் இருந்தது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? பெரும்பாலும் முடிப்பு வேலையில். மலிவுக் கிடாரின் ஃபிரெட் நுனிகள் சரியாக ராவப்படவில்லை, கையை மேலும் கீழும் ஓட்டினால் கீறும். நட்டில் கம்பி உட்காரும் பள்ளம் ஆழம் போதாமல் முதல் ஃபிரெட்டை அழுத்த விரல் வலிக்கும். டியூனிங் கீயில் கொஞ்சம் ஆட்டம், இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை சுதி பார்க்க வேண்டும். உள்ளே மின் இணைப்பைச் சுற்றிக் கவசம் இல்லாததால் சீரியல் விளக்குப் பக்கத்தில் நின்றால் இரையும். எங்கள் சமவெளி வெயிலில் கழுத்து மெதுவாக வளைந்து, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பி நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இரண்டு, இரண்டரைதான் இருக்க வேண்டும். இதெல்லாம் உண்மையான குறைகள். 'எல்லாம் ஒன்றுதான், பெயர் வெறும் மாயை' என்று எழுதினால் அது பொய், வாசிக்கிறவன் விரல் அதை ஒத்துக்கொள்ளாது.

இன்னொரு பக்கம், இவற்றில் ஏறக்குறைய எல்லாமே கையால் திருத்தக்கூடியவை. கழுத்துக்குள் டிரஸ் ராடு என்று ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, அதைக் கொஞ்சம் திருகினால் வளைவு நிமிரும். பிரிட்ஜில் உயரம் குறைக்கலாம். ஃபிரெட்டை ராவலாம். உள்ளே செம்புத்தாள் ஒட்டிக் கவசம் செய்யலாம். இந்த வேலைகளை மொத்தமாக 'செட்டப்' என்கிறார்கள். ஆக, விலை உயர்ந்த கிடாரில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு நல்ல பொருளுக்கு, ஒரு பங்கு யாரோ ஒரு தொழிலாளி ராவுவதற்குச் செலவிட்ட கூடுதல் நேரத்துக்கு, மிச்சம் தலையில் உள்ள பெயருக்கு. மலிவுக் கிடாரில் கம்பெனி மிச்சம் பிடிப்பது முதலில் அந்தத் தொழிலாளியின் நேரத்தை. அதை நாம் பிற்பாடு வேறு தொழிலாளியிடம் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு சோதனையும் செய்தோம். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் வயலின் கலைஞர்கள் 21 பேருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மூன்று புது வயலின்களையும் ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட மூன்று பழைய வயலின்களையும் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. மிகப் பலர் விரும்பியது ஒரு புது வயலினை, மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. எங்களிடம் கலைஞர்கள் இல்லை, மாமா இருந்தார். அவரைத் திண்ணையில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார வைத்து, ஒரே பேஸ் பகுதியை இரண்டு கிடாரிலும் வாசித்துக் காட்டினான்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டாவது வாசிக்கும்போது நீ பயந்து வாசிச்ச" என்றார்.

இரண்டாவது வாசித்தது ஃபெண்டர். இரவல் பொருள், கீறிவிடக்கூடாது என்று பயந்துதான் வாசித்திருக்கிறான். மாமா சொன்னதை ஆய்வு முடிவு என்று நான் சொல்ல வரவில்லை. வேறொரு வேளையில், ஸ்டுடியோவில் ஹெட்போன் வழியாகக் கேட்டபோது ஃபெண்டரின் தெளிவும், நாலு கம்பியும் ஒரே சீராகப் பேசுவதும் எனக்கே தெரிந்தது. ஆனால் திருவிழா மைதானத்தில், மிக்ஸர் வழியாக, ஆளுயர பாக்ஸ் வழியாக, ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் கேட்கிற கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் போய்ச் சேராது. அங்கே போய்ச் சேர்வது வீடியோவில் தெரியும் பெயர்தான்.

4

தமிழில் text என்பதற்கு நாம் 'பிரதி' என்று வைத்தோம். அது நகலுக்கும் பெயர். இந்தத் தற்செயலை நம் விமர்சகர்கள் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. மரபிலக்கணம் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது, பின்னால் வந்தவர்கள் சார்புநூலையும் சேர்த்தார்கள். வழிநூல் என்றால் இழிவு இல்லை. கம்பன் செய்தது வழிநூல். அதைப் போலி என்று யாரும் டேப் ஒட்டி மறைக்கவில்லை.

கிடார் உலகத்தில் இந்தப் பகுப்பு எப்படி நடந்தது என்று பாருங்கள். எழுபதுகளில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்கக் கிடார்களை அச்சு அசலாகச் செய்து குறைந்த விலைக்கு விற்றன. 1977இல் கிப்ஸனின் தாய்க் கம்பெனி, இபானஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற கம்பெனிமீது வழக்குப் போட்டது. எதற்காக? மரத்துக்காகவோ ஓசைக்காகவோ இல்லை, கிடாரின் தலை வடிவத்துக்காக. வழக்கு வெளியே சமரசமாயிற்று. 1982இல் ஃபெண்டர் வேறு வழி கண்டுபிடித்தது. நகல் செய்து பேரெடுத்திருந்த ஃபியூஜிஜென் என்ற ஜப்பானியத் தொழிற்சாலையையே அமர்த்தி, 'ஸ்குவையர்' என்ற பெயரில் தன் மலிவு வரிசையைச் செய்ய வைத்தது. நேற்று வரை நகல், இன்றைக்கு அங்கீகரிக்கப்பட்ட வழிநூல். கைகள் அதே கைகள். மாறியது தலையில் உள்ள எழுத்து.

2009இல் இன்னொன்று நடந்தது. தன் கிடார்களின் உடல் வடிவத்துக்கு, பிரசிஷன் பேஸ் உட்பட, வணிகமுத்திரை உரிமை வேண்டும் என்று ஃபெண்டர் கேட்டதை அமெரிக்க வணிகமுத்திரை வாரியம் மறுத்துவிட்டது. அந்த உடல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது என்பது காரணம். தலை வடிவம் மட்டும் கம்பெனிக்குச் சொந்தமாக நீடிக்கிறது. உடல் பொது, தலை தனிச்சொத்து. உடம்பின் எந்த இடத்திலிருந்து பிறந்தாய் என்று கேட்டு மனிதரைத் தரம்பிரித்த நாட்டில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நம் நாட்டிலும் இந்த எழுத்து விளையாட்டு உண்டு. கல்கத்தாக்காரர்கள் கிப்ஸனில் ஓரெழுத்தை மாற்றி 'கிவ்ஸன்' என்று வைத்தார்கள், ஜெர்மன் ஹோஃப்னரைக் கொஞ்சம் திருப்பி 'ஹோப்னர்' என்று வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் பல பேரின் முதல் கிடார் இந்த வகைதான். இதில் ஒரு வேடிக்கை. அந்த ஜெர்மன் ஹோஃப்னரே ஏழையின் கிடார்தான். 1961இல் ஹாம்பர்க்கில் பால் மக்கார்ட்னி அதைச் சுமார் 30 பவுனுக்கு வாங்கினார். ஃபெண்டருக்குச் சுமார் 100 பவுன் ஆகும், கையில் அவ்வளவு இல்லை. அந்த மலிவுக் கிடாரில்தான் பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பாடல்கள் வந்தன. 1972இல் திருடுபோன அது திரும்பக் கிடைத்துவிட்டதாக 2024இல் உலகச் செய்தியாயிற்று. பெஞ்சமின் 1936இல் எழுதிய கட்டுரையில், இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்கும் என்றார். இங்கே ஆலையில் செய்த மலிவுப் பண்டத்தின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது. அதை ஒட்டவைத்தது வாசித்தவரின் உழைப்பு, விலையாக அறுவடை செய்வது வேறு யாரோ.

மார்க்ஸ் சொன்ன பண்ட மாயை இதுதான்: மனிதர்களுக்கு இடையிலுள்ள உறவு பொருளின் குணம்போலத் தோன்றுவது. டேப்பை உரிப்பதுபோல அந்தத் தோற்றத்தை உரித்தால் உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள். கோர்ட் என்ற கொரியக் கம்பெனி தன் பெயரிலும் உலகின் பல புகழ்பெற்ற பெயர்களிலும் கிடார் செய்து தருவது. 2007இல் கொரியாவில் தன் ஆலைகளிலிருந்து தொழிலாளர்களை வெளியேற்றியது, உற்பத்தி இந்தோனேசியாவிலும் சீனாவிலும் நடந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் 2019 வரை போராடினார்கள். ஆண்டுக்கணக்கில் கிடார் செய்த அவர்களில் சிலர் வாசிக்கக் கற்றுக்கொண்டது இந்தப் போராட்ட காலத்தில்தான், ஒரு இசைக்குழுவே நடத்தினார்கள். ஒரே ஆலையில் ஒரே கைகள் இரண்டு விலைக்கு இரண்டு பெயரில் கிடார் செய்கின்றன என்றால், எது உயர்ந்த பிறப்பு, எது தாழ்ந்த பிறப்பு?

விரல் படும் பலகைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மேற்கத்திய கிடார்களின் கழுத்தில் பல பத்தாண்டுகளாக ஒட்டப்படுகிற மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். வெட்டிய கட்டையாக அதை ஏற்றுமதி செய்யச் சட்டம் விடாது, செய்பொருளாகத்தான் போக வேண்டும். 2011இல் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸன் ஆலையில் சோதனை நடத்தியபோது தகராறுக்கு உள்ளான சரக்கில் இந்தியாவிலிருந்து போன பலகைகளும் இருந்தன. நம் மலையில் முளைத்தது கடல் கடந்து போய், பெயர் சூட்டிக்கொண்டு, நம்மால் தொட முடியாத விலையில் திரும்பி வருகிறது.

5

இதைப் படித்துவிட்டு 'ஆகவே பெயர் என்பதே ஏமாற்று' என்று முடித்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் திண்டுக்கல்காரர்கள். பெயரால் சோறு தின்ற ஊர் இது. திண்டுக்கல் பூட்டு என்று ஊரெல்லாம் கேட்டு வாங்கிய காலம் இருந்தது. கையால் ராவி, நெம்புகோல் வைத்து, சாவிக்குச் சாவி வேறாகச் செய்த பூட்டு. பிறகு இயந்திரத்தில் செய்த மலிவான அலிகார் பூட்டு வந்தது. திண்டுக்கல் பூட்டு என்ற பெயரிலேயே அதை விற்றார்கள். நாகல்நகர்ப் பக்கம் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடைத்தன. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் ராவத் தெரிந்த கைகளில் பல வேறு வேலைக்குப் போய்விட்டன.

பூட்டுப் பட்டறைக்காரர் "அது டூப்ளிகேட்" என்று சொல்லும்போது அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஃபெண்டர் கம்பெனி அதையே சொல்லும்போது எனக்கு அவ்வளவு அனுதாபம் வரவில்லை. இது முரண் இல்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பெயர் செய்தவனின் கையோடு ஒட்டியிருக்கும்வரை அது ஒரு பொறுப்பு: பூட்டு திறந்துகொண்டால் இன்னாரிடம் போய்க் கேட்கலாம். கையை விட்டுக் கழன்று, எந்த நாட்டில் யார் செய்தாலும் மேலே ஒட்டிக்கொள்ளலாம் என்றாகும்போது அது வெறும் பட்டா. பெயரைப் பார்த்து வாங்குகிறவர் இரண்டில் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

6

இவ்வளவையும் நான் அத்தை மகனிடம் விளக்கினேன். வட்டிக்கு வாங்காதே, செட்டப் செய்துகொள், உனக்கு இந்தக் கிடார் போதும் என்றேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "உனக்கு இது போதும்னுதான் மச்சான் எல்லாரும் சொல்றாங்க. எங்கப்பாட்டயும் அதத்தான் சொன்னாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. போதும் என்று சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை? எளிமையை ஏழைக்கு உபதேசிப்பது இந்த நாட்டில் பழைய தொழில். நாலு கம்பியும் சீராகப் பேசுகிற கருவி வேண்டும் என்ற ஆசை மாயையில் பிறந்ததல்ல, வாசிக்கிற விரலில் பிறந்தது. அதிலும், புகழ்பெற்ற பெயருள்ள கிடாரை அவசரத்துக்கு விற்கலாம், பாதி விலையாவது தேறும். அவனுடையதை விற்கப் போனால் பஸ் செலவு மிஞ்சாது. இல்லாதவனுக்குப் பெயர் என்பது அடகு வைக்கத்தக்க நகை. இதை மார்க்ஸ் படித்த நான் யோசிக்கவில்லை, லோடு ஏற்றுகிற அவன் யோசித்திருந்தான்.

இந்த இடத்தில் இரண்டு பேரை நினைத்துக்கொண்டேன். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, எல்லோரும் பரட்டை அண்ணன் என்பார்கள், 2005இல் மறைந்தார். ஏழைகள் தாங்களே திரும்ப உருவாக்கிக்கொள்ள முடிகிற இசைதான் விடுதலைக்கான இசை, அதற்கு அவர்கள் கைக்கு எட்டும் கருவி வேண்டும் என்று வாதாடினார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்தும் சக்திக் கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்கள் சாவுக்கு அடித்த கருவியை மேடைக்குக் கொண்டுவந்து தலைநிமிர்ந்து ஆடினார்கள். பறையில் கம்பெனிப் பெயர் கிடையாது. மரச்சட்டம், தோல், சுண்டுக்குச்சி, அடிக்குச்சி, காய்ச்ச நெருப்பு. அவர்கள் செய்தது, இழிவென்று ஒட்டப்பட்ட பெயரை மறைப்பதற்கு நேர் எதிரானது.

ஆனால் மாமா பறையை விட்டதும், அந்தப் பெண்கள் பறையை எடுத்ததும் இரண்டுமே சரி. எது கையில் இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிடாருக்கும் அதுவேதான். நான் அவனுக்குச் சொல்லக்கூடியது, விலை எதனால் ஆனது என்ற கணக்கை. ஆசைப்படுவதா வேண்டாமா என்பது அவன் காரியம்.

எனவே, பொருள் பெற்றுத் திரும்பியவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது நம் பழைய வழக்கம் என்பதால், இந்தக் கருவி வாங்க நினைக்கிற மற்றத் தம்பி தங்கைகளுக்கும் சுருக்கமாகச் சொல்லி வைக்கிறேன். கடைக்குப் போனால் முதலில் தலையைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல நீளவாக்கில் பார்த்தால் கோணல் தெரியும். முறுக்கிக்கொண்ட கழுத்தைச் சரிசெய்வது பெரும்பாடு, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள், எங்காவது ஓசை செத்துப் போகிறதா என்று கேளுங்கள். ஃபிரெட் நுனிகளைத் தடவுங்கள். வாங்குகிற பணத்தில் செட்டப்புக்கும் நல்ல கம்பிக்கும் மூவாயிரமாவது ஒதுக்குங்கள். பழைய கம்பியைத் தூக்கிப்போடும்முன் கொதிதண்ணீரில் பத்து நிமிஷம் போட்டெடுத்துத் துடைத்து மாட்டினால் இன்னும் சில கச்சேரிக்கு ஓடும். நடுத்தர விலையில் ஸ்குவையர், யமஹா, இபானஸ் வரிசைகள் இருக்கின்றன. மலிவுக்கும் அமெரிக்க விலைக்கும் நடுவில் பெரிய இடம் காலியாக இல்லை. கந்துவட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள். எந்தக் கிடாரும் அதைவிட வேகமாக வாசிக்காது.

அத்தை மகன் மதுரையில் ஒருவரிடம் செட்டப் செய்துகொண்டான், 1200 ரூபாய். கம்பி 1800. கம்பி உயரம் இரண்டரைக்கு வந்துவிட்டது, இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது. வட்டிக்கு வாங்கும் யோசனையை விட்டு, சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறான். எடுத்தால் என்ன வாங்குவான் என்று நான் கேட்கவில்லை.

முத்தழகுப்பட்டி செபஸ்தியார் திருவிழாக் கச்சேரிக்கு டேப்பை உரித்துவிட்டு வந்திருந்தான். பெயரைச் சுற்றிப் பசை கறுப்பாகப் படிந்திருந்தது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லையாம். குழு நடத்துகிறவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்து எடுத்து, கீபோர்டுக்குப் பின்னால், டிரம்ஸ் ஓரமாக நிற்க வைத்துவிட்டார். வீடியோவில் அவன் தெரியவில்லை.

வருத்தமா என்று கேட்டேன்.

"அங்க நின்னாத்தான் டிரம்ஸ் நல்லாக் கேக்குது மச்சான்" என்றான்.